அந்துருண்டை மருந்து

ஆவுடை அந்துருண்டை இடித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து உருண்டைகளைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, குழவியால் தட்டித் தட்டி மாவாக்க வேண்டும். நெடி தொண்டை வரைக்கும் இறங்கும். முந்தானையால் மூக்கை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

இடிக்கிற நாளில் குளித்து முழுகாமல் பிள்ளையைத் தொடமாட்டாள். தொட்டிலில் கிடந்து கத்தினாலும் காலால்தான் ஆட்டிவிடுவாள். அந்த நெடி பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொன்னதிலிருந்து அப்படி.

இடித்த பொடியைப் பெட்ரோலில் கரைத்துப் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால், அதுதான் அவள் புருஷன் பிச்சையாவின் மருந்து. அவன் ஓட்டுகிற மடத்து ஜீப்பின் டேங்கில் இதை ஊற்றினால் மைலேஜ் கூடும் என்பது அவன் கட்சி.

மலைமேல் பெட்ரோல் கிடையாது. அடிவாரத்திலிருந்து கேனில் வரும். நோய் நொடி என்றால் கீழே ஆஸ்பத்திரிக்கு இறங்க அந்த ஒரு ஜீப்புதான்.

“ஒரு கேன் மிஞ்சினா ஒரு உசுரு மிஞ்சும்ட்டி” என்பான்.

அதற்காகத்தான் அவளும் இடித்தாள்.

மடத்துச் சாமி பிச்சையாவுக்கு இளையவர். அவனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அவனோ அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துதான் பேசுவான்.

“சாமி, கீழ ஒர்க்‌ஷாப்புல எல்லாவனும் சிரிக்கான். துணிப்பெட்டியில போடுறத டேங்க்ல போடுதீரே வே, பூச்சி அரிச்சிருமோன்னு கேக்கான். நீங்க சொல்லுங்க. என் மருந்து மெய்யா, பொய்யா?”

சாமி பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார். தும்மினார்.

“குச்சி என்ன சொல்லுது?”

மலையிறங்கி ஏறி வந்ததும் பிச்சையா டிரைவர் சீட்டைத் தூக்கி, டேங்குக்குள் வேப்பங்குச்சியை விட்டுப் பார்ப்பான். எவ்வளவு உயரம் நனைந்திருக்கிறதோ அவ்வளவு மிச்சம்.

“குச்சி கூடுதுன்னுதான் சொல்லுது சாமி.”

“பொறவு என்னத்துக்கு என்கிட்ட கேக்கீங்க?”

பிச்சையா தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து போனான்.

சாமி பாட்டிலை, வாசலோரம் நின்றிருந்த ஆவுடையிடம் கொடுத்தார்.

“தாயி, சில நாள் பொடி போடு. சில நாள் வெறும் பெட்ரோலைக் குடு. உனக்குத் தோணினபடி. அவர்கிட்ட சொல்லாத.”

“ஏமாத்துறதா சாமி?”

“கேட்டாருல்ல. பதில் பாக்க வேண்டாமா?”

அவள் அப்படியே செய்தாள். வெள்ளைப் பொடி கரைந்தால் கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் வாடையில் வேறெந்த வாடையும் அவன் மூக்குக்கு எட்டவில்லை. பொடி போடாத நாளில் அவள் கைக்கு வேலையில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

மழைக்காலம் முடிந்து பனி இறங்கியபோது மடத்துக்குப் போனாள்.

“ரெண்டும் ஒண்ணுதான் சாமி. பொடி போட்டாலும் கூடுது, போடாட்டியும் கூடுது.”

“என்னத்தால கூடுது?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “கூடப் போகையில பாத்தேன். பாட்டிலை ஊத்திட்டா அவுக கால் மாறிப்போவுது. முட்டை மேல வைக்கிற மாதிரி மிதிக்காக. இறக்கத்துல எஞ்சினை அணைச்சிட்டு உருட்டிக்கிட்டே போறாக.”

“அப்போ மருந்து எங்க இருக்கு?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“சொல்லிரட்டுமா சாமி? சொன்னா மறுபடி பழைய மாதிரி ஓங்கி மிதிப்பாக. பெட்ரோல் போயிரும். சொல்லாட்டி மிஞ்சும்.”

சாமி ஒன்றும் சொல்லவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆவுடை வீட்டுக்கு வந்தாள்.

பக்கத்து வீட்டுச் செல்லக்கனிக்கு ஒரே பிள்ளை, இசக்கி. எட்டு வயசு. அம்மா குழாயடியில் தண்ணீர் பிடித்தால், அந்தக் குட்டிதான் கல்மேல் ஏறி நின்று குடத்தை இடுப்புக்குத் தூக்கிவிடும்.

தை மாதத்தில் ஒரு முற்பகலில் இசக்கி விறகுக் கட்டுக்குள் கையை விட்டது. விரியன் கிடந்தது.

பிச்சையா ஜீப்பை எடுத்தான். செல்லக்கனி பின்னால் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்தாள். காலையிலேயே பாட்டில் ஊற்றியாயிற்று.

“வேகமா போங்கண்ணே.”

“வேகமாத்தான் போறேன் தாயி.”

பொய் சொல்லவில்லை. வேகமாகத்தான் போகிறோம் என்று நம்பினான். கால் எப்போதோ அந்த மெதுவைப் படித்து வைத்திருந்தது. முதல் இறக்கத்தில் கை தானாகப் போய் எஞ்சினை அணைத்தது.

“வண்டி சத்தமே போடலையேண்ணே.”

“இறக்கம்ல. தானா ஓடும்.”

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்த டாக்டர், கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் ஜீப்பு மலையேறி வந்தது. செல்லக்கனியையும் துணி சுற்றியதையும் இறக்கிவிட்டு, பிச்சையா சீட்டைத் தூக்கினான். பழக்கம். டேங்குக்குள் குச்சியை விட்டான். எடுத்தான்.

“இம்புட்டு என்னைக்குமே மிஞ்சினதில்ல” என்றான்.

தன் வாயிலிருந்து வந்தது தன் காதில் விழுந்தது. குச்சியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

காரியம் முடிந்த மறுநாள் மடத்துக்குப் போனான். ஆவுடையும் பின்னால் போனாள்.

“சாமி, வண்டி இழுக்கலை. பொடி போய் பைப்பை அடைச்சிட்டு. சனியன் பிடிச்ச மருந்து. மருந்துதான பிள்ளையைக் கொன்னுச்சு? சொல்லுங்க சாமி.”

இந்தத் தடவை அவன் கெஞ்சினான். மருந்து பொய்யாக இருந்தால் போதும். கெட்டதாக இருந்தால் இன்னும் நல்லது.

சாமியின் முகம் கறுத்திருந்தது. தாடியை வழிக்காமல், சாப்பிடாமல் கிடந்தவர் மாதிரி இருந்தார்.

“அன்னைக்கு நான் பேசாம இருந்தேன் தாயி” என்றார் ஆவுடையைப் பார்த்து.

“நான் சம்மதம்னு நினைச்சேன் சாமி.”

“ஆமா. நானும் அப்படித்தான் நினைச்சேன்.”

பிச்சையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பாட்டிலை நிரப்பினது நான் இல்ல அண்ணாச்சி” என்றார் சாமி. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஆவுடை, இடிக்கிற துணியை அலசிக்கொண்டிருந்தாள். எத்தனை தண்ணீர் விட்டாலும் நெடி போகவில்லை. பிள்ளை தொட்டிலில் சிணுங்கியது. காலால் ஆட்டிவிட்டாள்.

பிச்சையா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான்.

“பொடி இடிச்சா நீ பிள்ளையைத் தொடமாட்டியே.”

அவள் அலசுவதை நிறுத்தவில்லை.

“அன்னைக்குக் காலையில பாட்டில் கொண்டாந்தியே ஆவுடை.”

“ம்.”

“பிள்ளை உன் இடுப்புல இருந்தான்.”

துணி அவள் கையிலிருந்து நழுவி வாளிக்குள் விழுந்தது.

பிச்சையா தன் வலது காலைத் தூக்கித் திண்டின்மேல் வைத்தான். யாரோ ஒருத்தனுடைய காலைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பாதத்தை மெல்ல அழுத்தினான். முட்டை மேல் வைப்பதுபோல்.

“நான் அப்பமே சொல்லியிருக்கணும்” என்றாள் ஆவுடை. “பெட்ரோல் மிஞ்சுதேன்னு நாந்தான் வாயை மூடிக்கிட்டு, உங்க கால்தான் மருந்துன்னு தெரிஞ்சும் நான்...”

“ஆவுடை,” குழாயடியிலிருந்து செல்லக்கனி கூப்பிட்டாள், “ஒரு எட்டு வந்துட்டுப் போட்டி. குடத்தைத் தூக்கிவிட ஆளில்ல.”