சமாதானம் ஆகாத கண்கள்

ஒரு மாலை, கரையை விட்டு வெகுவாகத் தள்ளிப்போன வள்ளத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்: சந்தியாகு, அவன் மனைவியின் தம்பி ராயப்பன். ராயப்பனின் காலில் திருக்கை மீனின் முள் ஏறியிருந்தது. கட்டிய துணியை மீறி ரத்தம் கசிந்தது.

இருந்த டீசலுக்கு, சுமையோடு வள்ளம் நாலு கிலோமீட்டர் ஓடும். வலையையும் மீனையும் கடலில் போட்டால் இன்னும் கொஞ்சம் ஓடும். காற்றோ கரையிலிருந்து வீசியது. நடுவழியில் இன்ஜின் நின்றால் வள்ளம் ஆழ்கடலுக்குத்தான் போகும்.

தூரம் தெரிய வேண்டும். சந்தியாகு கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினான்.

விரலுக்குப் பெருமை தாங்கவில்லை. "மாதா கோயிலையே என் நகத்தால் மறைத்துவிட்டேன். இதைப் போய்த் தூரம் என்கிறீர்களே" என்றது. ஒன்றை மறைப்பது வேறு, அதன் அருகில் இருப்பது வேறு என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

சந்தியாகு கண்களை மாற்றி மாற்றி மூடினான். விரல் கோயில்மேல் நிற்கிறது என்றது வலக்கண். இல்லை, வடக்கே கலங்கரை விளக்கத்தின்மேல் என்றது இடக்கண். பேச்சு முற்றி, மூக்குக்கு அந்தப் பக்கம் பிறந்ததுகளுக்கு என்ன தெரியும் என்பதுவரை போனது. அசையாமல் நின்ற தன்னை இருவருமே அவமதிப்பதாக விரல் குறைபட்டுக்கொண்டது. பேசி ஒரே இடத்தைச் சொல்லச் சொன்னது.

விரலைத் தாங்கி நின்ற கை கண்களிடம் சொன்னது: "பேசித் தீர்த்துவிடாதீர்கள். உங்கள் இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப்போல் நான் பத்து மடங்கு நீளம். விரலில் உங்கள் பார்வைகள் வெட்டிப் பிரியும் அதே கோணம்தான் கரைவரை விரிகிறது. அங்கே எவ்வளவு விலகினீர்களோ, தூரம் அதைப்போல் பத்து மடங்கு."

கோயிலிலிருந்து கலங்கரை விளக்கம்வரை அரைக் கிலோமீட்டர். திருவிழாதோறும் அந்த வழியே சப்பரம் தூக்கிய தோளுக்கு அது நன்றாகத் தெரியும்.

சந்தியாகு மீன்பெட்டியைத் தூக்கினான்.

"மச்சான், வலை புதுசு. கரை பக்கத்துலதான தெரியுது?"

"தெரியும். ஆனா அஞ்சு கிலோமீட்டர் இருக்கு. நீ கால நீட்டி உக்காரு, மாப்ள."

மீன் போனது. பிறகு வலையும் போனது. கடைசியில் இன்ஜின் இருமி நின்றபோது, வள்ளத்தின் அடியில் மணல் உரசியது.

பக்கம்தான் என்று அப்போதே சொன்னேனே என்றது விரல். கண்கள் அதைக் கவனிக்கவில்லை. கரையில் ஓடிவருகிறவர்களில் முன்னால் வருவது யார் என்று அதற்குள் சண்டை தொடங்கியிருந்தது.

இந்த முறை அவற்றை யாரும் சமாதானப்படுத்தப் பார்க்கவில்லை.