மூன்றாம் முறை கேட்டவர்

சங்ககிரிச் சாலையோரம் ஒரு மடம். அதன் தலைவி மங்கையர்க்கரசி அம்மையார். லாரி ஓட்டுநர்களுக்காக அந்த மடம் ஒரு மருத்துவ நிதி நடத்திவந்தது. அவர்கள் மாதச் சந்தா கட்டுவார்கள். நோய் வந்தால் நிதி பார்த்துக்கொள்ளும். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஓய்வு பெற்று, அம்மையாரிடம் சீடராக வந்த திருமேனிநாதன்தான் அதைக் கவனித்தார். வயதில் அம்மையாரைவிட மூத்தவர்.

அன்று காலையிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூசை முடிந்ததும் முடியாததுமாக அம்மையார் முன் போய் நின்றார்.

"லாரிக்காரச் செங்கோடன் மறுபடியும் வந்திருக்கிறான், அம்மா. பீடியை நிறுத்த மாத்திரை வேண்டுமாம். இரண்டு தடவை கொடுத்தோம். இரண்டு தடவையும் பழையபடி பிடித்தான்."

"இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?"

"எப்படிக் கொடுப்பது? விட்டேவிட்டாலும், பலன் தெரிய வருஷக்கணக்காகும். அதற்குள் வேறு கம்பெனி, வேறு காப்பீடு என்று போய்விடுவான். செலவு நமக்கு, லாபம் எவனுக்கோ."

"நுரையீரலை இங்கே வைத்துவிட்டா போவார்?"

திருமேனிநாதன் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள். நிதியின் இன்னொரு உறுப்பினரான மாரப்பனுக்கு மூச்சுத் திணறல். சேர்க்கலாமா என்று கேட்டார்கள்.

"உடனே சேருங்கள். நிதி கட்டும்," என்றார்.

"மாரப்பன் இதற்குமுன் சேர்ந்திருக்கிறாரா?" என்று கேட்டார் அம்மையார்.

"வருஷா வருஷம்."

"அவருக்கும் பீடிதானா?"

"ஆமாம்."

"இதோடு போதும், இனிக் கட்ட முடியாது என்று அவரிடம் ஏன் சொல்லவில்லை?"

"மூச்சு முட்டிக் கிடக்கிறவனிடம் எப்படி அம்மா சொல்வது?"

அம்மையார் ஜன்னல் பக்கம் பார்த்தார். வாசலில் காத்திருந்த செங்கோடன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

திருமேனிநாதன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

"எங்கே போறே? மாத்திரை வாங்கிட்டுப் போ."

"மூணாவது தடவைங்க சாமி. கேக்கவே வெக்கமா இருக்குதுங்க."

"வா உள்ளே."

மருந்துக்கடைக்குச் சொல்லி அவனை அனுப்பிவிட்டுத் திரும்பினார். ஆனாலும் மனம் அடங்கவில்லை.

"நாலாவது தடவையும் வந்து நின்றால் என்ன செய்ய, அம்மா?"

"வரட்டும். விட வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டார் என்றால், அப்போது வந்து சொல்லுங்கள்."