பின் இருக்கை

சேந்தமங்கலம் சாலையில் எஸ்தருக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. பழைய, கனத்த க்ரூஸர் பைக்குகளை மட்டும்தான் எடுப்பாள். பழுது பார்ப்பாள். கேட்டால் ஓட்டவும் சொல்லித் தருவாள். வயது முப்பத்தெட்டு. அவளிடம் கற்றவர்கள் தங்களுக்குள் அவளைக் குரு என்று சொல்லிக்கொண்டார்கள். நேரில் அப்படிக் கூப்பிட்டால் பதில் வராது.

ஒரு திங்கட்கிழமை காலை மாசிலாமணி அங்கே வந்தார். ஐம்பத்தேழு வயது. நாமக்கல்லில் கோழித் தீவன ஆலை வைத்திருந்தார். மூன்று வருடமாக எஸ்தரிடம் கற்பவர். கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதும், வண்டியின் அத்தனை கனத்தையும் சிக்னலில் ஒற்றைக் காலில் தாங்கி நிற்பதும் அவள் சொல்லித் தந்ததுதான்.

அவருடைய வண்டி முப்பத்தைந்து வருடப் பழசு. சிவப்பு டேங்க். எடை இருநூற்று எண்பது கிலோ. அதில் ஏறினால் ஈஸிசேரில் காலை நீட்டிப் படுத்த மாதிரி இருக்கும். பெட்ரோல் பங்கில் நின்றால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். எஞ்சினில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஒரு சின்ன கேஸ்கெட் கடல் தாண்டி வருவதற்காக இரண்டு மாதம் காத்திருந்திருக்கிறார். எஞ்சின் சூட்டில் அவருடைய வலது தொடை உள்பக்கம் எப்போதும் சிவந்தே இருக்கும். அதைக் குறையாகச் சொன்னதில்லை.

அன்று அவர் காரில் வந்திருந்தார். கூடவே மனைவி வேதவல்லி. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"என்னாச்சுங்கண்ணா?" என்றாள் எஸ்தர்.

"கொல்லிமலைக்குப் போனோம். ஒரு வளைவுல வண்டி சாஞ்சிருச்சு. மெதுவாத்தான் போனேன். எதுக்க ஒரு ஜீப் வந்துச்சு. இவ பயந்துக்கிட்டு தப்பான பக்கம் சாஞ்சுட்டா. டேங்குல ஒரு கீறல்கூட விழல, அந்த மட்டுக்கும் தப்பிச்சோம்."

"எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"வளைவுக்கு உள்பக்கம்."

"முன் பிரேக்கைப் பிடிச்சீங்களா? வளைவுல அதைப் பிடிச்சா வண்டி உள்பக்கம்தான் விழும்."

"பிடிச்சிருப்பேன். அந்த நேரத்துல யாருக்கு ஞாபகம்?"

எஸ்தர் வேதவல்லிக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "நீங்க சொல்லுங்கக்கா. எப்படி விழுந்தீங்க?"

வேதவல்லி கணவரைப் பார்த்தாள். பிறகு மாவுக்கட்டைப் பார்த்தாள்.

"அவரு சொன்னதுதான்."

மாசிலாமணி ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "எனக்கு எல்லாம் நீ சொல்லிக் கொடுத்துட்டம்மா. இது ஒண்ணு பாக்கி. பின்னாடி உட்கார்றவங்க எப்படி உட்காரணும்? அதை இவளுக்குச் சொல்லிக் கொடு."

எஸ்தர் கைத்துணியில் விரல்களைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக. அவர் பொறுமை இழக்கும்வரை துடைத்தாள்.

"வியாழக்கிழமை காலைல வண்டியை கொல்லிமலை மேல சோளக்காட்டுக்கு எடுத்துட்டு வாங்க. நான் பஸ்ல வந்துடறேன்."

"இவ கட்டோட எப்படி வருவா?"

"நீங்க மட்டும் வாங்க."

வியாழக்கிழமை எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் மாசிலாமணி தனியாக ஏறினார். வண்டி ஒரு இடத்தில்கூட முரண்டு பிடிக்கவில்லை. சோளக்காடு சந்தை அருகே எஸ்தர் நின்றிருந்தாள்.

"பார்த்தியாம்மா? ஆள் இல்லாம வந்தா பட்டு மாதிரி வருது" என்றார்.

எஸ்தர் கையை நீட்டினாள். "சாவி."

"நீ ஓட்டப் போறியா?"

"ஆமாங்கண்ணா. நீங்க பின்னாடி ஏறுங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்தார்.

சொந்த வண்டியில் அவர் பின்னால் உட்கார்வது அதுதான் முதல் தடவை. இருக்கை இரண்டு உள்ளங்கை அகலம்தான் இருந்தது. முன் இருக்கையைவிட உயரம். கால் வைக்கும் கம்பி மேலே இருந்ததால் முழங்கால்கள் மடங்கி விலாவுக்கு வந்தன. முன்னால் பார்த்தால் எஸ்தரின் ஹெல்மெட். அதற்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியவில்லை.

"எங்க பிடிச்சுக்கணும்?"

"அக்கா எங்க பிடிச்சுக்கிட்டாங்க?"

மாசிலாமணி யோசித்தார்.

"தெரியல. நான் பார்க்கல."

எஸ்தர் வண்டியைக் கிளப்பினாள்.

இருக்கையின் குறுக்கே மெல்லிய தோல் பட்டை ஒன்று இருந்தது. மூன்று வருடமாக அவர் பாலிஷ் போட்ட பட்டை. அதை இரண்டு கைகளாலும் பற்றினார். முதல் வளைவில் வண்டி சரிந்தபோது அவருடைய வலது கால் தானாக பிரேக்கை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. கம்பிதான் இருந்தது.

"மெதுவாம்மா."

எஸ்தர் வேகமாக ஓட்டவில்லை. இரண்டாவது கியரில், எஞ்சின் இழுத்துப் பிடிக்க, ஒரே சீராக இறங்கினாள். அது அவருக்குத் தெரியும். அவர் ஓட்டியிருந்தாலும் அப்படித்தான் ஓட்டியிருப்பார். இருந்தும் பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

அறுபத்தெட்டு. அறுபத்தேழு. வளைவின் எண் எழுதிய மஞ்சள் பலகைகள் திடீரென்று பக்கத்தில் முளைத்துப் பின்னால் போயின. எந்த வளைவு எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டித் தெரியாமல் உடம்பு ஒவ்வொரு முறையும் தாமதமாக அதைப் பின்தொடர்ந்தது. தோள்கள் வலித்தன. இதுவே முன்னால் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார்.

"ஏதாச்சும் பேசிக்கிட்டு வாயேன்" என்றார்.

"ரோடு ஈரமா இருக்குங்கண்ணா."

அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

ஐம்பத்தொன்றாவது வளைவுக்கு முன்னால் கீழிருந்து ஹாரன் கேட்டது. எஸ்தரும் ஹாரன் அடித்தாள். இடப்பக்கம் பள்ளம். மரங்களின் உச்சிகள் அவருடைய முழங்காலுக்குக் கீழே தெரிந்தன. வண்டி இடப்பக்கம் சரிந்து வளைவுக்குள் நுழையும்போது எதிரே ஒரு பஸ்ஸின் முகம் வந்தது. சாலை முழுவதும் பஸ்ஸாக இருந்தது.

எஸ்தர் இன்னும் இடப்பக்கம் ஒதுங்கினாள். அங்கே ஒரு முழம் இடம் இருந்தது. ஆனால் மாசிலாமணியின் கண்ணுக்குப் பட்டது பள்ளம் மட்டும்தான். அவர் யோசிக்கவே இல்லை. உடம்பு முழுவதும் பள்ளத்தை விட்டு விலகி வலப்பக்கம் துள்ளியது.

சரிந்திருந்த வண்டி நிமிர்ந்தது. நிமிர்ந்து, பஸ்ஸை நோக்கிப் போனது.

எஸ்தரின் வலது கால் தரையில் இறங்கியது. ஜல்லியில் இழுபட்டது. எஞ்சின் நின்றது. பஸ்ஸின் பின்பக்கம் அவர்களை உரசுவதுபோல் வளைந்து போனது. வலப்பக்கக் கண்ணாடி உடைந்து தெறித்தது. பின் டயர் ஒரு கை தூரத்தில் உருண்டு கடந்ததை மாசிலாமணி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே பஸ் நின்றது. யாரோ ஜன்னல் வழியாகத் திட்டினார்கள். பிறகு அது போய்விட்டது.

வண்டி விழவில்லை. இருநூற்று எண்பது கிலோவும் மாசிலாமணியும் எஸ்தரின் ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அடி பட்டுச்சாங்கண்ணா?" என்றாள் அவள்.

"இல்ல."

"கையைப் பாருங்க. கண்ணாடி குத்தியிருக்கும்."

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

"அப்போ மெதுவா இடப்பக்கமா இறங்குங்க. அவசரம் இல்ல."

அவர் இறங்கினார். சாலையோரக் கல்லைப் பிடித்துக்கொண்டார். எஸ்தர் ஸ்டாண்டைப் போட்டு இறங்கினாள். வலது காலை ஊன்றியதும் முகம் சுருங்கியது.

"என்னம்மா?"

"கணுக்கால் பிசகிருச்சு."

"கார் வரச் சொல்றேன். இரு."

"இங்க சிக்னல் கிடைக்காதுங்கண்ணா. நீங்க ஓட்டுங்க."

மாசிலாமணி வண்டியைப் பார்த்தார். மூன்று வருடமாகத் தெரிந்த வண்டி. அதில் ஏற அவருக்கு அன்று மனம் வரவில்லை.

"உன்னைப் பின்னாடி உட்கார வெச்சுக்கிட்டா?"

"வேற யாரு இருக்கா?"

அவர் ஏறினார். எஸ்தர் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். அவர் வண்டியைக் கிளப்பவில்லை. தலையைத் திருப்பினார்.

"சரியா உட்கார்ந்துட்டியா?"

"உட்கார்ந்துட்டேன்."

"எங்க பிடிச்சிருக்க?"

"பட்டையை."

"அது பத்தாது. என் இடுப்பு பெல்ட்டைப் பிடிச்சுக்க. காலு வலிச்சா தட்டு, நிறுத்தறேன்."

ஐம்பது வளைவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மாசிலாமணி குரல் கொடுத்தார். "இப்ப இடப்பக்கம்மா." "இது வலது. எதுக்க லாரி, நிறுத்தப் போறேன்." முப்பத்தாறாவது வளைவில் எஸ்தர் வலி தாங்காமல் காலை நகர்த்தினாள். வண்டி ஆடியது. அவர் கைப்பிடியை நேராக்கி, பின் பிரேக்கை மட்டும் மெல்ல அழுத்தி, ஓரமாக நிறுத்தினார். வியர்வை கண்ணில் இறங்கியது. காத்திருந்தார். அவள் தட்டியதும் மறுபடி கிளப்பினார்.

ஏறுவதற்கு நாற்பது நிமிடம் ஆன மலையை இறங்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

மலையடிவாரத்தில், காரவள்ளியில் ஒரு டீக்கடை. எஸ்தர் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தாள். கணுக்கால் வீங்கி ஷூவுக்குள் இறுகியிருந்தது. மாசிலாமணி கீழே உட்கார்ந்து லேஸைத் தளர்த்தி ஷூவைக் கழற்றினார். அவள் தடுத்தும் கேட்கவில்லை.

ஆலையில் நாற்பது பேரை வேலை வாங்குகிறவர் அவர். தன் பக்கம் தவறு என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"எஸ்தர்."

"சொல்லுங்கண்ணா."

"மேல அந்த வளைவுல... தப்பான பக்கம் சாஞ்சது நான். பள்ளத்தைப் பார்த்ததும் என் உடம்பு என் பேச்சைக் கேக்கல. உன் கால் போச்சு. இன்னும் ஒரு அடி போயிருந்தா உயிரே போயிருக்கும். என்னாலதான்."

"இல்லைங்கண்ணா. உங்க மேல தப்பு இல்ல."

"என்னம்மா சொல்ற? சாஞ்சது நான்தானே?"

"பஸ் ஹாரன் கேட்டப்பவே நான் நின்னிருக்கணும். நுழைஞ்சுடலாம்னு நினைச்சேன். பயந்தா யாரும் அப்படித்தான் சாய்வாங்க. அதுக்கும் சேர்த்துத்தான் ஓட்டணும். நான் ஓட்டல."

"அப்போ நான் செஞ்சது?"

"நீங்க பின்னாடி உட்கார்ந்திருந்தீங்க. அவ்வளவுதான். என்னை மன்னிச்சுக்குங்க."

டீ மாஸ்டர் இரண்டு கிளாஸ்களைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனார். மாசிலாமணி எழுந்திருக்கவில்லை. தரையிலேயே, அவளுடைய ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் கேட்டார். "பத்து நாளா வேதவல்லிகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேம்மா, உன்னாலதான் விழுந்தோம்னு. சொந்தக்காரங்க வந்தா அவங்ககிட்டயும் சொல்றேன். அவ ஒரு தடவைகூட இல்லைன்னு சொன்னதில்ல. ஏன்?"

எஸ்தர் டீயை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"அதை என்கிட்ட ஏங்கண்ணா கேக்கறீங்க?"