பூஜைக்குப் போன ஸ்க்ரூடிரைவர்

தென்காசியில் சுடலையாண்டி என்று ஒரு பஸ் கண்டக்டர். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குச் சொந்தமாகக் கேமரா செய்கிற ஆசை வந்துவிட்டது. குருவாக அவர் பிடித்தது உலகம்மையை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிக்கெட் மெஷின் பழுது பார்ப்பவள். அவருடைய மூத்த மகளைவிட ஒரு வயது சின்னவள். அவர் டீச்சர் என்பார். அவள் அண்ணாச்சி என்பாள்.

ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா. அதற்குள் சீட்டுக்கட்டு அளவில் குட்டிக் கம்ப்யூட்டர், ஒரு லென்ஸ், பில் அடிக்கிற பிரிண்டர். பொத்தானை அமுக்கினால் படம் பிடித்து, அங்கேயே டிக்கெட் மாதிரி கிழித்துக் கொடுக்கலாம்.

போன ஆயுத பூஜைக்கே டிப்போவில் எல்லாருக்கும் படம் தருவதாகச் சொல்லியிருந்தார். தரவில்லை. அன்றிலிருந்து டிரைவர் கோமதிநாயகம் தினமும் சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டு, படம் எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். இந்த வருஷமும் வெறுங்கையோடு போனால் டிப்போவில் தலைகாட்ட முடியாது.

டப்பா வேலை செய்யத்தான் செய்தது. அவருக்குத்தான் மனசு ஆறவில்லை. படத்தில் கன்னம் கறுக்கிறது என்று ஒருநாள் திறப்பார். மூக்கு விழவில்லை என்று மறுநாள் திறப்பார். பூஜையன்று காலையிலும் உலகம்மையின் கடைக்கு வந்து திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், இது எப்பத்தான் சரியாகும்?"

உலகம்மை டப்பாவை வாங்கி மூடித் திருகாணிகளை முடுக்கினாள். பிறகு கடையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் அத்தனையையும், அவர் கையில் இருந்ததையும் சேர்த்துப் பொறுக்கி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டிவிட்டாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு மட்டும்..."

"நாளைக்கு வாங்க, அண்ணாச்சி."

டிப்போவில் பஸ்களுக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். டப்பாவுக்கு வெளியே தெரிகிற பிரிண்டர் மூடியைத் திறந்து, புதுப் பேப்பர் ரோலை அவசர அவசரமாக மாட்டிக்கொண்டு சுடலையாண்டி முன்னால் போய் நின்றார். எல்லாரும் வரிசையாக நின்றார்கள். நடுவில் கோமதிநாயகம், சீப்பும் கையுமாக.

பொத்தானை அமுக்கினார். கொர்ரென்று தாள் வந்தது. ஒரே வெள்ளை.

"நான் அவ்வளவு செவப்பா வே?" என்றார் கோமதிநாயகம். டிப்போவே சிரித்தது.

சுடலையாண்டியின் கை தன்னால் சட்டைப்பையைத் தடவியது. ஸ்க்ரூடிரைவர் இல்லை. முப்பது வருஷமாக டிக்கெட் கிழித்த விரல்தான் இருந்தது. தாளை நகத்தால் கீறிப் பார்த்தார். மை இல்லாமல் சூட்டில் கறுக்கிற தாள் அது. சரியான பக்கமென்றால் நகம் பட்டாலே கோடு விழும். விழவில்லை. திருப்பிக் கீறினார். கறுப்பாக ஒரு கோடு.

ரோலைக் கழற்றிப் புரட்டி மாட்டினார். அமுக்கினார்.

முதலில் வாழையிலை வந்தது. பிறகு பஸ்ஸின் நெற்றி. பிறகு வரிசையாகத் தலைகள். கோமதிநாயகம் படத்தை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். பிறகு மடிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, விடாமல் ஹாரன் அடித்தார். கேன்டீன்காரர்கள் ஓடி வந்தார்கள். மேனேஜர் சட்டையைச் சரிசெய்துகொண்டு வரிசையில் நின்றார்.

ரோல் தீர்ந்த பிறகுதான் விட்டார்கள்.

சாயங்காலம் சுடலையாண்டி கடைக்கு வந்தார். முகம் முழுக்கக் குங்குமம். நாற்பத்துமூன்று படம் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா டீச்சர், ஒண்ணுலகூட மூக்கு சரியா விழல."

உலகம்மை ஒரு கை பொரியை அள்ளி அவரிடம் கொடுத்தாள்.

"யாராவது திருப்பிக் கொடுத்தாங்களா, அண்ணாச்சி?"