சிவப்புப் புள்ளி வைத்த பேரிங்குகள்

தங்கப்பழம் அண்ணாச்சி பழைய இரும்பு எடைக்கு வாங்கி விற்று, பேரம் பேசிப் பேசியே மேலே வந்தவர். இப்போது தூத்துக்குடியில் ஐஸ் பாக்டரி மோட்டார்களைப் பராமரிக்கிற காண்ட்ராக்டர். ஊரில் யாருக்கும் அடங்கமாட்டார். மெஷின் வேலை சொல்லித்தரும் ஜெசிந்தா டீச்சரின் பட்டறையில் மட்டும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார். வயதில் மிகவும் சின்னவர்தான் டீச்சர். ஆனால், ஒன்றைச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்று அவரிடம்தான் அண்ணாச்சி பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று ஐஸ் பாக்டரி முதலாளிகள் அந்தப் பட்டறைக்கே வருவதாக இருந்தது. அண்ணாச்சி ஆள் வைத்து ஒரு ஆப் செய்திருந்தார். ஓடுகிற மோட்டார் மேல் போனை வைத்தால், சத்தத்தைக் கேட்டு, உள்ளே அச்சைத் தாங்கிச் சுழலும் எந்தப் பேரிங் ஒரு வாரத்தில் உடையும் என்று அது சொல்லும். முதலாளிகள் டீச்சர் சொல்லைத்தான் நம்புவார்கள்; அவர் தலையாட்டினால் துறைமுகத்து ஐஸ் பாக்டரி மோட்டார் அத்தனையும் அண்ணாச்சி கைக்கு வரும்.

பட்டறையின் பெரிய ஃபேன் முன்னால் அண்ணாச்சி சட்டைப் பட்டனைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆறு மாசம் டீச்சர். ஒரு மோட்டார் நிக்கல. ஆப் சொன்ன அன்னைக்கே பேரிங்கை மாத்திட்டேன்லா!"

"மாத்தாம விட்டிருந்தா?"

"உடைஞ்சிருக்கும்."

"எப்படித் தெரியும்?"

"ஆப் சொல்லிச்சே."

"ஆப் சொன்னது சரின்னு?"

"அதான் ஒரு மோட்டாரும் நிக்கலையே!" அண்ணாச்சிக்குச் சுள்ளென்று ஏறியது. "சும்மா சுத்தி சுத்திக் கேக்கீங்க."

"நான் சுத்தல அண்ணாச்சி. கழட்டின பேரிங்கெல்லாம் எங்க?"

"உங்ககிட்டதான குடுத்தேன். தூக்கிப் போடாதீங்கன்னு நீங்கதான கேட்டு வாங்கினீங்க."

டீச்சர் எழுந்து ஃபேனை நிறுத்தினார். பின்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்தார்.

உள்ளே பேரிங்கின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி.

அண்ணாச்சியின் வாய் திறந்தபடி நின்றது. அது அவர் மகளின் நகப்பாலிஷ். இது செத்தது என்று ஆப் சொன்ன ஒவ்வொரு பேரிங்குக்கும் அவரே தன் கையால் வைத்த புள்ளி.

"இதுவா... இத்தனை நாளும் எனக்குக் காத்து போட்டது?"

டீச்சர் கம்ப்ரசரைக் காட்டினார். டிரில்லிங் மெஷினைக் காட்டினார். தண்ணி மோட்டாரைக் காட்டினார். எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளி. எல்லாம் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன.

"என் மெஷின்லதான் போட்டேன். உடைஞ்சா என் தலையோட போகட்டும்னு."

"ஏன் சொல்லல? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" அண்ணாச்சி போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சொல்லியிருந்தா ஓட விட்டிருப்பீங்களா?"

ஃபேன் நின்றிருந்தது. அண்ணாச்சியின் நெற்றி வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. தணிந்த குரலில் பேரம் தொடங்கினார்.

"சரி டீச்சர். பாதிக்குப் பாதி ஆப் சொன்னது சரின்னு வச்சுக்குவோம்."

"மீன் ஏலமா இது?"

"கால்வாசி?"

டீச்சர் மேசை டிராயரைத் திறந்து எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். இரண்டாகப் பிளந்த பேரிங். அதிலும் சிவப்புப் புள்ளி.

"கிரைண்டர்ல போட்டது. மாட்டின நாலாம் நாள் உடைஞ்சது. இது ஒண்ணுல உங்க ஆப் சொன்னது சரி."

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு."

வாசலில் கார் வந்து நின்றது. கதவுகள் சாத்தும் சத்தம். அண்ணாச்சி உடைந்த இரும்பைப் பிடித்தபடி டீச்சரைப் பார்த்தார்.

"அவங்ககிட்ட இதைக் காட்டலாம். மத்ததுக்கு நான் என்ன சொல்ல?"

டீச்சர் பின்மூடியை மாட்டி ஃபேனைப் போட்டார்.

"வெயில்ல வந்திருப்பாங்க. மூடியை அப்புறம் கழட்டிக் காட்டலாம். முதல்ல இது முன்னாடி உக்கார வைங்க, அண்ணாச்சி."