மயக்கம் வரும்வரை

கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிக்க வைத்து ஊசி போட்ட காலம் அது. கடலோர ஊர் ஒன்றின் பெரிய ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில், சங்கரேஸ்வரி புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வார்டுக்குப் பொறுப்பு ஞானதீபம் சிஸ்டர். அவர் நடந்து வந்தால் காலடிச் சத்தம் கேட்காது, டெட்டால் வாசனைதான் முதலில் வரும். அந்தக் கட்டடத்தை இடித்துப் பல வருஷமாகிவிட்டது. வாசனை மட்டும் சங்கரேஸ்வரியை இன்னும் விடவில்லை.

ஒரு நாள் காலை, பரமார்த்தலிங்கம் என்ற பெரியவருக்கு ஊசி போடப் போனாள். உப்பளத்தில் உழைத்து உரமேறிய கை. மறுநாள் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன். நரம்பு அகப்படவில்லை. மறுபடி குத்தினாள். அதுவும் தவறியது. பெரியவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“பழகிப் பாக்கதுக்கு என் கைதான் கெடைச்சுதா ஒனக்கு?”

வார்டே திரும்பிப் பார்த்தது. சங்கரேஸ்வரி துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே சிஸ்டரிடம் வந்து, தன்னை ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றிவிடச் சொன்னாள். அங்கே வேலை கற்றால் வெளிநாட்டில் நல்ல மதிப்பு என்று கூடப் படித்தவர்கள் சொல்வதையும் சேர்த்துக்கொண்டாள்.

சிஸ்டர் காயத்துக்கு வைக்கும் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“நெசமான காரணத்தச் சொல்லு.”

“அங்க எல்லாரும் மயக்கத்துல இருப்பாங்க சிஸ்டர். யாரும் ஏச மாட்டாங்க.”

சிஸ்டர் கோபப்படவில்லை. மறுநாள் அந்தப் பெரியவரைத் தியேட்டருக்குக் கூட்டிப்போக வேண்டியது அவள்தான் என்றார். மயக்கம் வரும்வரை அவர் பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அவரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

தியேட்டரில் டாக்டர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கருவிகளை அடுக்கினார். ஒருவர் சிலிண்டரைத் திருகிப் பார்த்தார். எல்லாருக்கும் கைநிறைய வேலை. மேஜையில் கிடந்தவரின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. வார்டையே அதட்டிய மனிதர், அந்தப் பெரிய விளக்கின் கீழே சுருங்கிக் கிடந்தார். அவர் கை எதையோ தேடியது. அவளுடைய வெள்ளைச் சீருடையின் ஓரம் அகப்பட்டதும் பிடித்துக்கொண்டது.

“பிள்ள… நான் முழிக்கும்போது நீ நிப்பியா?”

“நிப்பேன் தாத்தா.”

அந்தக் கையை அவள் தன் கைக்குள் வாங்கிக்கொண்டாள். அவள் குத்திய இடம் கன்றிப் போயிருந்தது. மயக்க மருந்து மூடியை அவர் மூக்கில் வைத்தார்கள். பிடி தானாகத் தளரும்வரை அவள் விடவில்லை.

மதியத்தோடு அவளுக்கு டியூட்டி முடிந்தது. ஹாஸ்டலுக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. வெயில் இறங்கும் நேரத்தில் பெரியவர் கண்ணைத் திறந்தார். அவள் நிற்பதைப் பார்த்தார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் அவள் வார்டுக்கு வந்தபோது சிஸ்டர் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கேட்பதா வேண்டாமா என்று சங்கரேஸ்வரி வெகுநேரம் தயங்கினாள். தான் வார்டிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சிஸ்டர் தன்னை அந்தப் பெரியவரோடு அனுப்பினாரோ என்று ஒரு சந்தேகம். கடைசியில் கேட்டுவிட்டாள்.

“சிஸ்டர், என்னைத் தியேட்டருக்கே மாத்திவிடுங்க.”

“முந்தாநாளும் இதைத்தான கேட்ட?”

“ஆமா சிஸ்டர். அங்க எல்லாரும் ஆபரேஷனுக்காக நிக்கிறாங்க. மயக்கம் வர்றவரைக்கும் அந்த மனுஷனுக்குன்னு ஒருத்தரும் இல்ல.”

ஞானதீபம் சிஸ்டர் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“தியேட்டர்ல குளிரு ஜாஸ்தி ஈஸ்வரி. யார் கையப் பிடிக்கதுக்கு முன்னாடியும், ஒன் கையத் தேய்ச்சுச் சூடாக்கிக்கோ.”