சொட்டுக்கு ஒரு லத்தீன் வார்த்தை

பேச்சியம்மாளின் மண்சுவர் இன்னொரு மழை தாங்காது. பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம் தன் மொட்டைமாடித் தண்ணீர் முழுவதையும் ஒரே குழாயில் சேர்த்து அந்தச் சுவர்மேல்தான் விட்டிருந்தார். வழக்குப் போட்டவள், வக்கீல் வைக்க வழியில்லாமல் முன்சீப் கோர்ட்டில் தனியாக நின்றாள். வெளியே ஐப்பசி வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

ராஜமாணிக்கத்தின் வக்கீல் சபேசன் பழைய இங்கிலீஷ் பத்திரம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே! என் கட்சிக்காரர் வீட்டுக்கு 'ஸ்டில்லிசைட்' உரிமை உண்டென்று இதில் எழுதியிருக்கிறது."

அப்படியொரு வார்த்தையை அங்கே யாருமே கேட்டதில்லை. முன்சீப் தீர்ப்பெழுதப் பேனாவை எடுத்துவிட்டார்.

பேச்சியம்மாள் ஓரடி முன்னே வந்தாள். "ஐயா, என் சுவரை இடிக்கப்போற வார்த்தைக்கு அர்த்தமாவது சொல்லுங்க."

சபேசன் சிரித்தார். "லத்தீன் உனக்கு எங்கே புரியப்போகிறது! 'ஸ்டில்லா' என்றால் சொட்டு. 'காடெரே' என்றால் விழுவது. கூரை விளிம்பிலிருந்து பக்கத்து மனையில் சொட்டுச் சொட்டாக விழுகிற நீர்."

"சொட்டுதானா? நிச்சயமாத் தெரியுமா ஐயா?"

"எனக்கா தெரியாது? லத்தீன் எனக்குத் தலைகீழ்ப் பாடம்!"

அவள் முன்சீப்பைக் கும்பிட்டாள். "சொட்டு விழட்டும் சாமி, நான் தடுக்கல. ஆறு மாதிரிக் கொட்டுற அந்தக் குழாயை மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

சபேசன் சொன்ன அர்த்தத்தையே தீர்ப்பில் எழுதிய முன்சீப், குழாயை எடுக்க உத்தரவிட்டார்.

அன்று மாலையே கோர்ட் அமீனா நின்று குழாயைக் கழற்றவைத்தார். பார்த்துக்கொண்டிருந்த ராஜமாணிக்கம் வக்கீல் பக்கம் திரும்பினார்.

"அர்த்தம் சொல்லச் சொல்லியா உமக்கு ஃபீஸ் கொடுத்தேன்?"